கீரிமலையில் யவனனுக்கு ஒரு பிண்டம்

என் அக்கா மகாதேவிக்குப் பொறுமையே கிடையாது. மீன் வீட்டுக்கு வருமுன்னே புளி கரைத்து வைத்துவிடுவாள். மகன் விஷயத்தில் மட்டும் பதினெட்டு வருடம் பொறுத்திருந்தாள். போர்க்காலத்தில் சைக்கிளில் கொழும்புத்துறைக்குப் போன சயந்தன் திரும்பவில்லை. அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வோம் என்று யாராவது வாய் திறந்தால், "என்ரை பிள்ளை செத்ததை ஆர் கண்டது?" என்று சீறுவாள்.

போன வருடம் மாசியில் கொழும்புத்துறையில் கிணறு வெட்டியவர்கள் ஒரு எலும்புக்கூட்டைக் கண்டார்கள். அதன் இடது முன்கை முறிந்து பொருந்தியிருந்தது. சயந்தனும் பத்து வயதில் வேப்பமரத்தால் விழுந்து அதே கையைத்தான் முறித்தவன். மரபணுப் பரிசோதனைக்காக அக்காவின் வாய்க்குள் பஞ்சால் தடவி எடுத்துக்கொண்டு போனார்கள்.

"முடிவு வரட்டும் அக்கா, பொறுங்கோ" என்றேன்.

"அந்தக் கைக்கு எண்ணெய் போட்டு உருவினது நான். எனக்குத் தெரியாதே?"

அடுத்த மாதமே, செத்தவர்களுக்குக் கிரியை செய்யும் கீரிமலைக் கடற்கரைக்குப் போனோம். தர்ப்பையில் உருவம் செய்து, சயந்தன் பெயரைச் சொல்லி, தாய்மாமனான நானே பிண்டம் வைத்தேன். அக்கா அன்று அழுத அழுகையை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆறுதலாக இருந்தது.

ஆவணியில், எலும்பைப் பரிசோதித்த இடத்திலிருந்து தர்சினி என்ற உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தாள். எலும்பு சயந்தனுடையது அல்லவாம். இரண்டாயிரம் வருடப் பழசாம். தகப்பன் வழி, கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட கிரேக்கர். அந்தக் காலத்து யவனர். தாய் வழி இந்த மண்தானாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த யவனனுக்குச் சாக வேறு இடமா கிடைக்கவில்லை?

அக்கா என்னைப் பார்த்தாள்.

"அப்ப உயிரோடை இருக்கிற பிள்ளைக்கோ நான் பிண்டம் வைப்பிச்சனான்?"

அன்றிலிருந்து அவளுக்கு மறுபடியும் நித்திரை இல்லை.

இந்தப் பங்குனியில், பிண்டம் வைத்த அந்தத் திதி வந்தது. நான் நினைவுபடுத்தவில்லை. அக்காவே வாழைக்காயும் கத்தரிக்காயும் வாங்கிவந்து, ஐயருக்கும் சொல்லிவிட்டாள்.

"ஆருக்கு அக்கா?"

"அந்தப் பொடியனுக்குத்தான். அவன்ரை தாயும் இஞ்சத்தை மனுசிதானே. வருவான் எண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பாள்."

"ஐயர் பேர் கேட்டால்?"

"தெரியாதெண்டு சொல்லு. சயந்தன்ரை பேரை மட்டும் வாயிலை எடுத்திடாதை."