எதிர்க்காற்று

லண்டனில் லூயிஷாம் பக்கத்துப் பூங்கா ஒன்றில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் எல்லே ஆடுகிறார்கள். பந்தைத் தடியால் அடித்துவிட்டு ஓட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்த எனக்கு இந்த விளையாட்டே புதிது. என்னை அழைத்து வந்தவர்களின் அணி இப்போதுதான் தோற்றிருக்கிறது.

"பந்து போட்ட குகன்ர பிழைதான்," என்கிறார் அருகில் ரோல்ஸ் சாப்பிடும் நாதன் அண்ணை. "கல்லெறியிற மாதிரியெல்லோ எறிஞ்சவன்!"

"பந்து போடுறது எதிரணி ஆள்தானே? கஷ்டமாத்தானே போடுவார்?"

"இல்லைத் தம்பி. இதில எங்கட ஆள்தான் எங்களுக்குப் பந்து போடுறது."

விளையாட்டின் அருமை எனக்குப் புரிகிறது. தோற்றால் பழிபோட வெளியே ஆள் தேட வேண்டியதில்லை.

சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் குகனை ஏசுகிறார்கள். அணியிலிருந்தே தூக்கு என்கிறார் ஒருவர். குகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வான் சாவியை எடுத்து ஆட்டுகிறார். காலையில் எங்கள் எல்லோரையும் ஈஸ்ட்ஹாமிலிருந்து ஏற்றி வந்தது அவருடைய வான்தான்.

"என்ர பிழை எண்டு சொல்லுறவை பஸ்ஸில போங்கோ."

நாதன் அண்ணை மிச்ச ரோல்ஸை அவசரமாக விழுங்குகிறார்.

"உண்மையைச் சொன்னா," என்கிறார் நாதன் அண்ணை, "இண்டைக்குச் சரியான காத்து."

"ஓம், ஓம். இந்தக் காத்தில ஆர் எறிஞ்சாலும் பந்து நேரா வராது," என்கிறார் அணியிலிருந்தே தூக்கச் சொன்னவர்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். எதிர்க்காற்று பந்தை என்ன செய்யும் என்று படித்ததைப் பணிவாக விளக்குகிறேன். மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

குகன் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

"தம்பி முன் சீட்டில இருக்கட்டும்."