பந்தியில் கணித்த ஜனத்தொகை

மட்டாஞ்சேரியில் வீட்டுத் தரகு பார்க்கும் சைபுதீனுக்கு அறுபது தாண்டியும் கால் ஓரிடத்தில் நிற்காது. எந்தக் கல்யாண மண்டபத்தில் விளக்குத் தோரணம் தெரிந்தாலும், அழைப்பு இருக்கிறதோ இல்லையோ, முதல் பந்தியில் இருப்பான். சாப்பாட்டுக்கு இல்லையாம், ஆராய்ச்சிக்காம்!

"ஒரு கல்யாணம்னா ஒரு புது வீடு வேணும், சாமி. பிள்ளை பொறந்தா ஒரு முறி பத்தாது, ரெண்டு ரூம் வேணும். அரசாங்கம் ஜனத்தொகை எண்ணுறதுக்குள்ள நான் எண்ணிடுவேன்" என்பான்.

நான் அனந்தநாராயணன், அரிசி மொத்த வியாபாரி, சுத்த சைவம். இருந்தும் அவனுடைய பிரியாணிக் கணக்கில் மயங்கி, காலியாகக் கிடந்த என் கிடங்கை ஆறு சின்ன வீடுகளாகத் தடுத்துவிட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்!

"ஓணத்துக்குள்ள நிறையலேன்னா தரகை விட்டுட்டு, கலூர்ல மகன் ஆஷிக் கடைக் கல்லாவுல உட்கார்ந்துடுறேன்" என்று சத்தியம் வேறு செய்தான். ஊர் சுற்றாமல் ஒரு பகல்கூட இருக்க முடியாத மனிதனுக்கு அது ஜெயில்தான்.

ஓணம் நெருங்கியது. வீடு பார்க்க ஈ காக்கைகூட வரவில்லை. நேராக அவன் வீட்டுக்கே போய்க் கத்தினேன்.

"எடோ சைபுதீனே, எங்கே உன் ஜனத்தொகை?"

சாயா கொண்டுவந்த அவன் மனைவி பீவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மண்டபம்தான் மட்டாஞ்சேரி. பொண்ணு ஆலுவா, மாப்பிள்ளை திருப்பூணித்துறை. இங்க மண்டப வாடகை குறைவுன்னு வர்றாங்க. தின்னுட்டு பஸ் ஏறிப் போறவங்களையா எண்ணிட்டு வந்தீங்க, மனுஷா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். சைபுதீன் மட்டும் சிரிக்கவில்லை. கலூர் கல்லாப்பெட்டி அவன் கண்ணில் தெரிந்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ நின்றது. வைட்டிலாவில் கட்டிக்கொடுத்த மகள் ஆஷிஃபா மூச்சு வாங்க இறங்கினாள்.

"அத்தா, ஸ்கேன் பார்த்தோம். இரட்டைப் பிள்ளையாம்! நான் வேலைக்குப் போனா பிள்ளைகளை உம்மாதானே பார்க்கணும்? உம்மா பக்கத்துல எனக்கு ஒரு வீடு பாருங்க. கூடப் படிச்ச என் கூட்டுக்காரிங்களும் இதையேதான் கேக்குறாங்க. எல்லாம் இங்க பொறந்து வெளியே கட்டிக்கொடுத்தவங்க."

ஊர்க் கல்யாணத்தையெல்லாம் எண்ணியவன் தன் வீட்டுக் கல்யாணத்தை எண்ணவே இல்லை! அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். நானும் குதித்தேன், முட்டிவலியை மறந்து.

ஓணத்துக்குள் ஆறு வீடும் நிறைந்தன. சைபுதீன் இப்போதும் பந்திக்குப் போகிறான். ஆனால் உட்காரும் முன்பே கேட்டுவிடுகிறான், "பொண்ணோட உம்மாவுக்கு வீடு எங்கே?"