எஞ்சின் படகும் பல்வலிக்கார அன்னமும்

வாவிக்கரையில் மூடிப்போன ஒரு விடுதியின் பின்வளவில் இரண்டு பழைய படகுகள் விற்பனைக்குக் கிடந்தன. ஒன்று, எஞ்சின் பூட்டிய நீல நிறப் பைபர் படகு. மற்றது அன்னம். பூங்காக்களில் உட்கார்ந்து காலால் மிதிப்பார்களே, அதேதான். முறிந்த கழுத்தை யாரோ கைக்கு வந்தபடி ஒட்டிவிட்டதில், பல்வலிக்காரரைப் போல ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

எனக்கு எது வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்துக்குக் கீழால் பறப்பதற்கென்றே கறுப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே போய் இருப்பவன். படகு நிற்கப்போவதும் மனைவியின் வளவில். அவள் ஓம் என்றால்தான் உள்ளே வரும்.

அவளோ சுனாமிக்குப் பிறகு தண்ணீரில் கால் வைத்ததில்லை. வீட்டுப் படலையைத் திறந்தால் வாவி. ஆனாலும் தோணி என்றால் பேச்சை மாற்றிவிடுவாள். அவள் வராத பயணம் எனக்கு எதற்கு? அவளை ஏற்றத்தான் இந்த எடுப்பெல்லாம்.

அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு படகு பார்க்கப் போனேன். விற்பவர் எஞ்சினை முடுக்கிக் காட்டினார். அது போட்ட சத்தத்தில் மனைவி விடுதிப் படலைவரை போய்விட்டாள். சத்தம் அடங்கியதும் வந்து, அன்னத்தில் ஏறி உட்கார்ந்து, தரையில் வைத்தே மிதித்துப் பார்த்தாள். அடியிலிருந்த சருகெல்லாம் கிளம்பி விற்பவரின் சாரத்தில் அப்பியது.

“இத எடுப்பம்,” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்ன கா சொல்றாய்? ஆரையம்பதித் துறையில நிக்கிற ஆக்கள் என்ன சொல்லுவாங்க? மீசை வெச்ச மனுசன் அன்னத்திலயா போறது?”

“மீசைய எடுத்திரலாம், அப்பா,” என்றாள் மகள்.

மனைவி சிரிக்கவில்லை. “மத்தது நீங்க நிப்பாட்டினாத்தான் நிக்கும். இது நான் கால ஊண்டினா நிண்டிரும்.”

பேரம்கூடப் பேசாமல் அன்னத்தை வாங்கினேன்.

அந்த ஞாயிறு, மகளைப் பின் இருக்கையில் வைத்து வாவியில் இறங்கினோம். வலை இழுத்தவர்கள் இழுப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். “அண்ணன், முட்டை போடுமா?” என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்ல எனக்கு மூச்சு இருந்தால்தானே.

மனைவி கண்ணை இறுக மூடி, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். நாலு மிதி மிதிப்பாள், காலை ஊன்றுவாள். அன்னம் நிற்கும். பிறகு இன்னும் நாலு மிதி. இப்படியே நடு வாவிக்கு வந்தபோது என் முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன.

“இனிக் கிறுகுவமா? வீட்ட போவம்,” என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்திருந்தாள். என் சட்டையை எப்போது விட்டாளோ தெரியாது.

“நீங்க கால எடுத்து மேல வெச்சிட்டு இருங்க,” என்றாள். “நான் மிதிக்கிறன்.”