ஒரே பெட்டிக்குள் இரண்டு பேர்

எங்கள் தொழில்நுட்பப் பிரிவில் அவரைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவோம். நெட்வொர்க் பார்ப்பவர். ஒல்லியான ஆள், சர்வர் அறைக் குளிரில் பாதி நாள் நிற்பதால் கோடையிலும் கழுத்தில் மஃப்ளர் இருக்கும். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த எங்களுக்கெல்லாம் வேலை நிரந்தரமாகும்வரை தும்மினால்கூட யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்கிற சுபாவம். பங்காளிக்கு அது கொஞ்சம் கூடுதல்.

கணக்குப் பிரிவு மேடத்துக்கும் கிடங்குப் பொறுப்பாளருக்கும் ஆகவே ஆகாது. லிஃப்டில் ஒருவர் ஏறினால் மற்றவர் படிக்கட்டில் போவார். கட்டடத்துக் கணினிக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெரிய நெட்வொர்க் சுவிட்சை மாற்ற வேண்டி வந்தபோது, ஆளுக்கொன்று தனியாக வேண்டும் என்று இருவரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். வந்து இறங்கியதோ ஒன்றுதான். பங்காளி அந்தப் பெட்டிக்குள் மென்பொருளாலேயே சுவர் எழுப்பி இரண்டாக்கினார். தனித்தனிப் பெயர், தனித்தனிக் கடவுச்சொல், கேபிள் செருகும் போர்ட்டுகளும் தனித்தனி. இந்தப் பக்கம் நுழைந்தவருக்கு அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே தெரியாது. இருவரிடமும், “உங்களுக்குத் தனி சுவிட்ச்தான்” என்று சொல்லிவைத்தார். இப்படிப் பாகம் பிரித்துக் கொடுத்ததால்தான் அவருக்குப் பங்காளி என்று பெயர் வந்தது.

இப்போது அவர் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு அந்த இருவருமே சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் ஊரிலிருக்கும் மனைவியையும் மகளையும் கம்பெனி குடியிருப்புக்கு அழைத்துவர அனுமதி கிடைக்கும். கையெழுத்து அன்று மதியம். காலையிலேயே மேடம் சர்வர் அறைக்கு வந்துவிட்டார்.

“தம்பி, தணிக்கைக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. ஒரே ஒரு கனெக்‌ஷன் குடுங்க, போதும்.”

“இதோ மேடம், ரெண்டே நிமிஷம்.”

கிடங்குப் பக்கம் ஒரு போர்ட் சும்மா கிடந்தது. அதை மேடம் பக்கம் மாற்றினார். ஆனால் அந்தப் பெட்டியில் போர்ட்டுகள் நான்கு நான்காக ஒட்டிப் பிறந்தவை; ஒன்றை இழுத்தால் நான்கும் வரும், வரும்போது பழைய அமைப்பெல்லாம் அழிந்துவிடும். பெட்டி அதைச் சொல்லி, சரிதானா என்று கேட்கவும் செய்தது. மேடத்தின் மனம் குளிர வேண்டுமே என்ற பதற்றத்தில் பங்காளி படிக்காமலே சரி என்று தட்டிவிட்டார். மற்ற மூன்றும் கிடங்கை ஓட்டிக்கொண்டிருந்தவை.

கொஞ்ச நேரத்தில் பொறுப்பாளர் மூச்சிரைக்க வந்து நின்றார். “என்னய்யா பண்ணித் தொலைச்ச? லேபிள் பிரிண்டரெல்லாம் செத்துக் கிடக்கு. வாசல்ல லாரி வரிசை கட்டி நிக்குது.”

பங்காளி திரையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. “சார்... உங்க போர்ட்டு மேடம் பக்கம் போயிடுச்சு.”

“அதெப்படிப் போகும்? அவங்க பெட்டி வேற, என் பெட்டி வேறதானே?”

“ஆமா, என் பெட்டி எது தம்பி?” என்றார் அங்கேயே நின்றிருந்த மேடம்.

பங்காளி அங்கிருந்த ஒரே பெட்டியைத் தொட்டுக் காட்டினார். “இதுதான் மேடம். சாரோடதும் இதுதான்.”

“அப்போ ஒரு வருஷமா இவரோட ஒரே பெட்டிக்குள்ளயா இருந்தேன்?”

“எனக்கு மட்டும் ரொம்ப சந்தோஷமோ?” என்றார் பொறுப்பாளர்.

பிறகு இருவரும் சேர்ந்து பங்காளியைப் பிடித்துக்கொண்டார்கள். மேடம் விட்ட இடத்தில் பொறுப்பாளர் தொடங்கினார். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது மேடம் எடுத்துக்கொடுத்தார். அவர்கள் ஒத்துப்போய் நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. திட்டு வாங்கிக்கொண்டே பங்காளி நான்கையும் திருப்பிக் கொடுத்து, அழிந்ததை வரிவரியாகத் தட்டி, காலை அவசரத்தில் கண்ணில் படாமல் போன, யாருக்கும் ஒதுக்காத வேறு நான்கை மேடத்துக்கு ஒதுக்கினார்.

“அவங்களுக்கு மட்டும் புதுசா நாலா?” என்றார் பொறுப்பாளர்.

“உங்களுக்கும் நாலு தரேன் சார்.”

“எனக்கு எதுக்குய்யா? சரி, குடு.”

மதியம் மேலாளர் அறையில் பங்காளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “இவரை வெச்சுக்கலாமா, வேண்டாமா?” என்று மேலாளர் கேட்டார்.

“பொய் சொல்ற ஆளு சார்” என்றார் பொறுப்பாளர். “ஆனா இவரை அனுப்பிட்டா அந்தப் பெட்டிக்குள்ள எது என்னோடது, எது அவங்களோடதுன்னு எவனுக்குத் தெரியும்?”

மேடம் யோசித்தார். “வேற ஆள் வந்தா யாராவது ஒருத்தர் பக்கம் சாய்வாங்க. இவர் ரெண்டு பேரையும் சரிசமமாத்தான் ஏமாத்தியிருக்கார். இருக்கட்டும்.”

ஒருவர் பெயருக்குக் கீழே மற்றவர் கையெழுத்துப் போட மறுத்ததால் மேலாளர் இரண்டு தாள்களில் அச்சடிக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்த பங்காளி மனைவிக்கு ஃபோன் போட்டார். அந்த அம்மாள் பேசுவது எங்களுக்கும் கேட்டது.

“என்னங்க, ரெண்டு பேரும் போட்டுட்டாங்களா?”

“போட்டுட்டாங்க.”

“நல்லாப் பாத்தீங்களா? படிச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேம்மா.”

“அப்போ டிக்கெட் எடுக்கவா?”

“எடு” என்றார். குரல் கம்மியிருந்தது. சர்வர் அறைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்களிடம் சொன்னார்.