கரை சேரும் வரை

பொன்னேரி ரயிலில் எதிரே இருந்த பழவேற்காட்டு மீன்காரம்மா, கலைந்த தலையோடு மடியிலிருந்த சீப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில்தான் மகளை விமானம் ஏற்றிவிட்டு வருகிறார். துபாயில் மாறி டொராண்டோ.

"எவ்ளோ தூரம் நைனா?"

"பதினாலாயிரம் கிலோமீட்டர் இருக்கும்மா."

"கிலோமீட்டரு இன்னாத்துக்கு? நேரத்தச் சொல்லு. எங்கூட்டு ஆளு கடலுக்குப் போனா, கரை சேர்ற வரைக்கும் நான் தலை சீவ மாட்டேன். பொண்ணுக்கும் அப்டித்தான்."

கைபேசியில் பார்த்து, பதினெட்டு மணி நேரம் என்றேன். விரல் மடக்கி எண்ணினார்.

"அப்போ நாளைக்குக் கோழி கூவ சீவிடலாம்."

மீஞ்சூரில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. நான் சொன்னது பறக்கும் நேரம் மட்டும். துபாயில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டவே இல்லை. மறுநாள் விடியலில் அவர் தலை சீவியபோது மகள் நடுவானில் இருந்திருப்பாள்.

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பெண் பத்திரமாக இறங்கினாளா என்று யாரையாவது கேட்க வேண்டும்போல் இருக்கிறது.