குழை தொங்கிய பக்கம்

சைக்ளோஸ்டைல் மை வாசம்... அதைக் கழுவுகிற மண்ணெண்ணெய் வாசம்...

கல்லடியில் பிலிப்பின் வீட்டு விறாந்தைக்குள் வாவிக் காற்று எவ்வளவு அடித்தாலும் அந்த வாசம் போகாது. சனிக்கிழமைகளில் அவன் பிரதி எடுக்கும் அந்த மெஷினைச் சுற்றுவான். நான் ஈரத் தாள்களை எடுத்துக் காய வைப்பேன்.

அறுபதுகளின் கடைசி. இருவரும் ஒரே கந்தோரில் கிளார்க். லீவு கிடைத்தால் சைக்கிளில் கிரான் வரை போய், அங்கிருந்து நடந்து மேற்கே தெரியும் மலைகளில் ஏறுவோம். பைத்தியம் என்றார்கள் வீட்டில். பைத்தியம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏறிய ஒவ்வொரு மலைக்கும் பிலிப் ஒரு தாள் அடிப்பான். உயரம், வழி, தண்ணீர் எங்கே, யானை எந்தப் பக்கம், சைக்கிளை யார் வீட்டில் விடலாம்... கண்டி, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று மலையேறும் ஆட்களுக்குத் தபாலில் போகும். அவர்கள் பார்த்த மலைகளின் விபரம் திரும்பி வரும். எங்கள் உயரக் கணக்கு சர்வே மேப்போடு ஒத்துவராவிட்டால், மேப்தான் பிழை என்பான் பிலிப்.

குடும்பிமலைத் தாளில் ஒரு வரி இருந்தது. 'பாதை பிரியும் இடங்களில், மரத்தில் பச்சைக் குழை தொங்கும் பக்கம் திரும்பவும்.' நாங்கள் போனபோதெல்லாம் சரியான பக்கத்தில்தான் அந்த இலைக்கொத்து தொங்கியது. வழி தெரிய யாரோ கட்டி வைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டோம்.

அந்தத் தாளை நம்பிக் கொழும்பிலிருந்து குணம் வந்தார். கடிதத்தில் பழகியவர். எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. தாள் இருக்கும்போது துணை எதற்கு என்று தனியே போனார். பின்னேரம் பிலிப் வீட்டில் அவருக்குச் சாப்பாடு.

அவர் வரவில்லை.

விடிந்ததும் கிரானுக்கு ஓடினோம். மாட்டுப்பட்டி வைத்திருந்த கந்தப்போடியாருக்குத் தாளை வாசித்துக் காட்டினான் பிலிப். குழை வரி வந்ததும் அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"மனே, அது வழிக்குக் கட்டுறல்ல. மாட்டோட காட்டுக்க இறங்கக்க, காவல் இரி எண்டு சாமிக்குப் போடுற குழை. பட்டி போற பக்கம்தான் தொங்கும்."

அந்தக் கிழமை பட்டி போயிருந்தது மலைக்கு எதிர்ப்பக்கம்.

கடும் கோடை. குணத்திடம் ஒரு போத்தல் தண்ணீர்தான் இருந்தது. பிலிப் வழி நெடுக ஜெபித்துக்கொண்டே வந்தான். கந்தப்போடியாரின் ஆட்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு முன்னால் நடந்தார்கள்.

மத்தியானம் தாண்டித்தான் கண்டோம். கால் வீங்கி, உதடு வெடித்து, ஒரு மரத்தில் சாய்ந்திருந்தார். உயிர் இருந்தது. பிலிப் அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதான்.

"குழை தொங்கின இடமெல்லாம் சரியாத்தான் திரும்பினன், பிலிப்," என்றார் குணம்.

குற்றம் சொல்லவில்லை அவர். அதுதான் எங்களால் தாங்க முடியாமல் போனது.

அந்தத் தாள் போன எல்லோருக்கும் பிலிப் உடனே போஸ்ட்கார்ட் எழுதினான். அதன் பிறகு அடித்த ஒவ்வொரு தாளிலும் கடைசியாக ஒரு வரி சேர்த்தான். 'போகுமுன் ஊரில் ஒருவரிடம் சொல்லவும். இறங்கியதும் அவரிடமே வந்து சொல்லவும்.' யாராவது மலைக்குப் போயிருந்தால், திரும்பிவிட்டார் என்ற செய்தி வரும்வரை அவனுக்குச் சோறு இறங்காது.

பிறகு சண்டையால் அந்தப் பக்கமே போக முடியாத காலம் வந்தது. போன பிள்ளைகள் எத்தனையோ பேர் வரவில்லை... அதை எழுத எனக்கு மனமில்லை. பிலிப்பும் இப்போது இல்லை.

போன மாதம் என் பேத்தி வந்தாறுமூலை கேம்பஸ் சிநேகிதர்களோடு குடும்பிமலை ஏறினாள். உயரம், வழி எல்லாம் போனிலேயே இருக்கிறது. உச்சியில் நின்று உடனே படம் போட்டாள். லைக் குவிந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் அவள் வந்து சேரும்வரை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இறங்கின பிறகும் ஒரு படம் போட்டிருக்கலாமே புள்ள என்று கேட்டேன். சிரித்தாள்.

"இறங்கின படத்த ஆரு அம்மப்பா பாப்பாங்க?"

நான் பார்ப்பேன். பிலிப் இருந்தால் அவனும் பார்ப்பான்.