வெறும் வண்டியில் ஐந்தருவிவரை

ஆடி மாதத்தின் முதல் புதன்கிழமை. காலை ஆறு பத்துக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் தென்காசிப் பேருந்தில் ஏறினேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், சீட்டு நாற்பத்தைந்து ரூபாய். அந்த மாதத்தில் அந்தப் பேருந்தில் போகிறவர்கள் பெரும்பாலும் துண்டும் எண்ணெய்ப் புட்டியும் வைத்திருப்பார்கள். என் பையில் ஒரு கோணமானி, எஃகு அளவுகோல், சாக்குக்கட்டி, மடித்த வரைபடம் ஒன்று, மாற்றுவேட்டி ஆகியவை இருந்தன.

"அருவில தண்ணி எப்படி விழுதாம் அண்ணாச்சி?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்.

"தெரியாது. நான் குளிக்கப் போகவில்லை" என்றேன். ஆடியில் தென்காசிக்குப் போகிறவன் சொல்லக்கூடாத பதில் அது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆலங்குளம் தாண்டியதும் காற்றாலைகள் வந்தன, மேற்கே மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. பாவூர்ச்சத்திரத்தில் காய்கறிச் சந்தையைக் கடந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதினொரு மாதங்களுக்கு முன் அந்தச் சந்தையில்தான் ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்தேன்.

நான் பொறியியல் கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வாகனப் பொறியியல் கற்பித்தவன். இப்போது எழுபத்து நான்கு வயது. என் தங்கை மகன் சண்முகவேல் பாவூர்ச்சத்திரத்தில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறான். அவனுடைய பிக்கப் வண்டி தோட்டத்துப் பாதையில் அடி தட்டுகிறது என்று சொன்னபோது, வண்டியை மூன்றங்குலம் உயர்த்தும் வழியை நான்தான் வரைந்து கொடுத்தேன். பின் அச்சின்மேல் இருக்கும் வில் தகடுகளான பட்டாவைச் சட்டத்தோடு இணைக்கிற ஷேக்கிள் என்ற இரும்புத் துண்டை நீளமாக்கினோம். அடி தட்டுவது நின்றது. ஆனால் வண்டியை ஓட்டிய கடையநல்லூர் மைதீன், "வண்டிய ஏத்துனதுலேருந்து காலடித் தரை உதறுது" என்று சொல்ல ஆரம்பித்தார். சண்முகவேல் என்னை அழைத்தான். நான் போய், ஒன்றேகால் டன் காய்கறியோடு பாவூர்ச்சத்திரத்திலிருந்து தென்காசிவரை உட்கார்ந்து பார்த்தேன். உதறவில்லை.

"எம்டியா, சரக்கு இல்லாம ஒரு தடவ வாங்க சார். திரும்பி வரும்போதுதான் உதறும்" என்றார் மைதீன்.

நான் போகவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன். உண்மை என்னவென்றால், என் வரைபடம் தவறாக இருக்கலாம் என்ற எண்ணம் அந்த நொடியே எனக்கு வந்தது. அதை அமுக்கிவிட்டு, சந்தையில் எடை மேடைக்கு முன்னால், வியாபாரிகளும் ஓட்டுநர்களும் கேட்க, "வண்டியில் குறையில்லை. கிளட்சை உதறிவிடுகிற பழக்கம். கை சரியில்லை" என்று சொன்னேன். சவூதியில் பதினான்கு ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டியவரைப் பார்த்துச் சொன்னேன். அன்று மாலையே அவர் வேலை போயிற்று. பேராசிரியரே சொல்லிவிட்டார் என்று அந்தச் சந்தையில் வேறு யாரும் அவரிடம் வண்டியைக் கொடுக்கவில்லை.

போன வாரம் புதிய ஓட்டுநரும் அதையே சொன்னார். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டைத் தாங்குகிற நடு பேரிங்கும் உடைந்தது. மைதீன் சொல்லி நம்பாததை வேறொருவர் சொல்லி நம்பினேன். அதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

எட்டு மணிக்குத் தென்காசியில் இறங்கினேன். பேரிங்கை மாற்றி, செங்கோட்டைக் கடைகளுக்கான சரக்கை ஏற்றி, வண்டியைப் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். யார் ஓட்டப் போகிறார் என்று சொன்னபோது சண்முகவேல், "மாமா, அவன வச்சா?" என்றான். "அவரை வைத்துத்தான்" என்றேன்.

மைதீன் இப்போது அங்கே ஆட்டோ ஓட்டுகிறார். நாற்பத்தெட்டு வயது, முன்தலை நரைத்திருந்தது. சாரலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தார்.

"ஐந்தருவிக்கா சார்? இருநூறு ரூவா" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

வந்த காரணத்தைச் சொன்னேன். பிக்கப்பை அவர் ஓட்ட வேண்டும், வெறும் வண்டியாக நான் உட்கார்ந்து வர வேண்டும் என்றேன்.

"என் கைதான் சரியில்லன்னு சொன்னிய? இப்ப அந்தக் கை எதுக்கு?"

"நான் சொன்னது தவறு என்று நினைக்கிறேன். அளந்து பார்க்க வந்திருக்கிறேன்."

"நெனைக்கியளா? இன்னும் நெனப்புதானா!" என்று சிரித்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை. பக்கத்து ஆட்டோக்காரர், அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், "காக்கா, வாத்தியாரே சவாரி கேட்டு வந்திருக்காரு. வாடகையக் கூட்டிச் சொல்லும்" என்றார்.

மைதீன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வாடகைலாம் வேண்டாம். நான் ஓட்டுதேன். தப்பு உங்க பக்கம்னு தெரிஞ்சுதுன்னா, எங்க வச்சுச் சொன்னியளோ அங்கன வச்சே சொல்லணும். போன்ல சொல்லுதேன், தனியாச் சொல்லுதேன்னு வரக்கூடாது."

சரி என்றேன்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை எட்டு கிலோமீட்டர். முழுச் சுமையோடு போனோம். பழைய நிலைமைதான், வண்டி வெண்ணெய்போல ஓடியது. எனக்குள் ஒரு மூலையில் பழைய ஆணவம் எழுந்து, "பார்த்தாயா?" என்றது. எழுபத்து நான்கு வயதிலும் அது சாகவில்லை.

பத்தே முக்காலுக்குச் சரக்கை இறக்கி முடித்தார்கள். வெறும் வண்டியில் இலஞ்சி வழியாகக் குற்றாலத்துக்குத் திரும்பினோம். புறப்பட்ட இடத்திலேயே, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போனதும், என் செருப்புக்கடியில் தரை படபடத்தது. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை முன்பலகையில் வைத்தேன்.

"இப்ப முப்பத்தஞ்சு" என்றார் மைதீன். "நாப்பதுல பாருங்க."

நாற்பதில் கூடு நகர ஆரம்பித்தது. நாற்பத்தைந்தில் ஓரத்துக்கு வந்தது. நாற்பத்தெட்டில் என் மடியில் விழுந்தது. நியூட்ரலில் விடச் சொன்னேன். உறுமல் குறைந்தது, நடுக்கம் நிற்கவில்லை. அப்படியென்றால் எஞ்சினும் இல்லை, கிளட்சும் இல்லை. கிளட்ச் என்று சந்தையில் சொன்னவன் நான்.

"எட்டு மாசம் தெனம் நூத்தி முப்பது கிலோமீட்டர் இதுலதான் உக்காந்து வந்தேன் சார்" என்றார் அவர். "லோடோட கேரளாவுல புனலூர் போவேன், எம்டியாத் திரும்பி வருவேன். நீங்களும் மொதலாளியும் லோடு வண்டியத்தான் பாத்திய. எம்டி வண்டில யாரு ஏறுவா?"

பேரருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். கூட்டமெல்லாம் ஐந்தருவிக்குத் திரும்பியிருந்தது. அங்கே ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் உதறல் இன்னும் நன்றாகத் தெரியும் என்று மைதீன் கூட்டிப்போனார். தெரிந்தது. திருப்பும்போது ஈரத்துண்டோடு பதினொரு ஆண்கள் வண்டியை மறித்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்.

"தென்காசி போற வழில எறக்கி விடுங்க அண்ணாச்சி."

"சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம்" என்றேன்.

"நானே போலீஸுதான் அண்ணாச்சி, லீவுல நிக்கேன்" என்றார் இடுப்பில் துண்டு மட்டும் கட்டியிருந்த ஒருவர். "புடிச்சா நான்தான் புடிக்கணும். இந்தக் கோலத்துல எங்க புடிக்க?"

மறுபடியும் மறுக்க வாயெடுத்தேன். பதினொரு பேர், ஏறத்தாழ எழுநூறு கிலோ என்று மனம் கணக்கிட்டது. ஏறச் சொன்னேன். அது தவறுதான், சாக்குச் சொல்லவில்லை.

கூட்டை மறுபடி முன்பலகையில் வைத்தேன். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. கூடு கொஞ்சம் சிலிர்த்தது, நகரவில்லை. குற்றாலத்தில் எட்டுப் பேர் இறங்கி டீக்கடைக்குப் போனார்கள். போலீஸ்காரரும் இன்னும் இருவரும் தென்காசிவரை வந்தார்கள். ஐம்பதைத் தொடும்போது கூடு என் மடியில் கிடந்தது. மைதீன் என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தார். "ஆளு எறங்குனா உதறுது" என்றார். "என் கை அதே கைதான்."

மதியம் இரண்டரைக்கு, தென்காசியில் மைதீனுக்குத் தெரிந்த செல்வத்தின் பட்டறைக்கு வந்தோம். "வண்டியத் தூக்கிருவமா சார்?" என்று கேட்டார் செல்வம். வேண்டாம், சக்கரம் நான்கும் தரையில் நிற்கும்போதுதான் கோணம் உண்மையைச் சொல்லும் என்று, ஒரு கோணிச்சாக்கை விரித்து நானே வண்டிக்கடியில் படுத்தேன். வெளியே வரச் செல்வம் கையைப் பிடித்து இழுத்துவிட வேண்டியிருந்தது. ஆனால் அளவை வேறொருவரிடம் விட மனம் ஒப்பவில்லை.

வண்டியின் வயிற்றுக்கடியில் ஓடி, எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற தண்டு இரண்டு மூட்டுகளில் வளைகிறது. வளைந்து சுழலும் மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் சற்றே வேகம் கூடிக் குறையும். இரு மூட்டிலும் வளைவு சமமாக இருந்தால், முன்மூட்டின் துள்ளலைப் பின்மூட்டு விழுங்கிவிடும். வெறும் வண்டியில் முன்மூட்டு ஆறு பாகை, பின்மூட்டு மூன்று. நான் நீளமாக்கிய ஷேக்கிள் பின் அச்சின் மூக்கை மேலே தூக்கியிருந்தது. சுமை ஏறினால் பட்டா அமுங்கித் தண்டு நிமிரும், குறை ஒளிந்துகொள்ளும்.

பையிலிருந்த வரைபடத்தை விரித்தேன். அளவுகள் எழுதிய கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரே ஒரு தலைப்புதான் இருந்தது: முழுச் சுமை. மைதீன் அதைக் குனிந்து படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை லேத் பட்டறையில் மூன்று பாகைச் சரிவில் இரண்டு ஆப்புத் தகடுகள் கடைந்து வாங்கினோம். விலை ஆயிரத்து நானூறு. தடித்த பக்கம் முன்னால் இருக்கும்படி, பட்டாவுக்கும் அச்சுக்கும் நடுவில் அவற்றைச் செல்வம் வைத்தார். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் யு-போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, நடு பேரிங்கைத் துளி கீழே இறக்கினார். மறுபடி படுத்தேன். முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து. செல்வம் "ஆச்சா சார்?" என்றார். மூன்று முறை அளந்துவிட்டுத்தான் ஆச்சு என்றேன்.

மாலை நான்கு மணிக்கு, கண்ணாடிக் கூட்டை முன்பலகையில் வைத்துக்கொண்டு, வெறும் வண்டியில் பாவூர்ச்சத்திரம் வந்து சேர்ந்தோம்; வழியில் தரை உதறவில்லை. சந்தையில் மூட்டை ஏறும் நேரம். எடை மேடைக்கு முன்னால், போன வருடம் நின்ற இடத்திலேயே நின்றேன். சந்தைச் சத்தத்தில் என் குரல் யாருக்கும் எட்டவில்லை. மைதீன்தான், "சார் ஏதோ சொல்லணுமாம்! கொஞ்சம் நிறுத்துங்கப்பா!" என்று கத்தினார்.

சொன்னேன். வண்டியைக் கெடுத்தது என் வரைபடம் என்றும், மைதீன் கையில் குறையில்லை என்றும், வெறும் வண்டியில் வந்து பார்க்கச் சொல்லி அவர் கேட்டபோது பயந்துதான் போகாமல் இருந்தேன் என்றும் சொன்னேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்படி அவர் கேட்டிருக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் மற்றவை பொய்யாகிவிடும்.

பிறகு வெங்காயக் கடைக்காரர், "வாத்தியாருக்கு எத்தன மார்க்குலே மைதீன்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மைதீனும் சிரித்தார். "பெயிலுதான். ஆனா அரியர் எழுத வந்துட்டாருல்லா!"

சண்முகவேல் முன்னால் வந்து சாவியை நீட்டினான். "நாளையிலேருந்து வந்துரு மைதீன். தப்பு எம்மேலயும் இருக்கு."

மைதீன் சாவியை வாங்கினார், ஆனால் தலையாட்டவில்லை. "இன்னைக்குப் புனலூர் லோடு நான் எடுத்துட்டுப் போறேன் மொதலாளி. எம்டியாத் திரும்பி வந்து பாக்குதேன். பெறவு சொல்லுதேன்."

திருநெல்வேலிப் பேருந்தில் கடைசி இருக்கைதான் கிடைத்தது. ஆலங்குளம்வரை இருக்கை குலுங்கிக்கொண்டே வந்தது. இத்தனை ஆண்டுகளாகப் பேருந்து குலுங்கினால் காரணத்தை யோசிப்பேன். ஓட்டுகிறவரின் உடம்பை யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தபோதுதான் கண்ணாடிக் கூட்டை வண்டியிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. மேசையில் வரைபடத்தை விரித்து, முழுச் சுமைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, வெறும் வண்டி என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது.

"சார், கேரளா பார்டர்ல, புளியரை செக்போஸ்ட்ல நிக்கேன். ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசுதேன். எம்டியாத்தான் வாரேன்." பின்னால் லாரிகளின் சத்தம் கேட்டது. "உங்க கண்ணாடிக் கூட்ட இங்கனயே விட்டுட்டுப் போயிட்டிய."

"தெரியும். எங்கே கிடக்கிறது?"

"கெடக்கல சார். முன்பலகைல வச்ச எடத்துலயே இருக்கு. சண்முகவேல் அண்ணாச்சிட்ட நாளைக்கு வேலைக்கு வாரேன்னு சொல்லிருங்க."